மறுபிறப்பு முந்தியா, விசுவாசம் முந்தியா? – வாசகர் கேள்வி பதில்

மே மாதம் ஏற்காட்டில் வாலிபர் முகாம்கள் முடிந்தால் போதும், ஜூன், ஜூலையில் நமக்குக் கடிதங்கள் குவியும். இந்த முறை வந்ததில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன: இயேசுவை விசுவாசிப்பது முந்தியா, தேவன் ஒருவனுக்கு ஆவிக்குரிய புது உயிர் கொடுக்கும் மறுபிறப்பு முந்தியா? அதனால் வரதட்சணை, தசமபாகம், ஞாயிற்றுக்கிழமை டியூஷன் எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த ஒன்றுக்கே இடம் ஒதுக்கிவிட்டேன். தள்ளிப்போன கேள்விக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஐயா, நான் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறேன். மே மாத முகாமில் முதல் நாள் பேசிய பாஸ்டர், "நீ விசுவாசி, அந்த நிமிஷமே மறுபடியும் பிறப்பாய்" என்றார். மறுநாள் பேசியவர், "செத்தவன் எப்படி விசுவாசிப்பான்? தேவன் முதலில் உயிர் கொடுக்கிறார், அப்புறம்தான் விசுவாசம்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வாலிபர் கூட்டம் இரண்டாகிவிட்டது, வாட்ஸ்அப் குழுவும் இரண்டாகிவிட்டது. எங்கள் எஸ்டேட் மேஸ்திரி மாமா, "மழை பெய்யாமல் காபி பூக்குமா தம்பி? முதலில் மழை, அப்புறம் பூ" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். யார் சொல்வது சரி? – வாசகர், ஏற்காடு

பதில்: தம்பி, இரண்டு பேரும் வேதத்தை வைத்துத்தான் பேசியிருக்கிறார்கள், அதனால் ஒருவரைக் கள்ளப் போதகர் ஆக்கிவிடாதீர்கள். உங்கள் குழுவில் யாராவது ஏற்கனவே ஆக்கியிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கடிகாரத்தை வைத்து எது முந்தி என்று கேட்கிறீர்களா, இல்லை எதனால் எது வந்தது என்று கேட்கிறீர்களா? செவ்வாய்க்கிழமை மறுபடியும் பிறந்துவிட்டு வெள்ளிக்கிழமை வரை விசுவாசமில்லாமல் ஒருவன் சேலம் ஐந்து ரோட்டில் சுற்றிக்கொண்டிருந்தான் என்று, இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர்களில் விவரம் தெரிந்த யாரும் சொல்வதில்லை. அதே மாதிரி, நன்றாக விசுவாசித்த ஒருவன் இன்னும் மறுபடியும் பிறக்காமல் வரிசையில் நிற்கிறான் என்று அந்தப் பக்கத்திலும் யாரும் சொல்வதில்லை. நேரக் கணக்கில் இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன. சண்டையெல்லாம் இரண்டாவது கேள்வியைப் பற்றி: நான் விசுவாசித்ததால் தேவன் என்னைப் பிறப்பித்தாரா, தேவன் பிறப்பித்ததால் நான் விசுவாசித்தேனா?

இதில் என் பக்கத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தேவனுடைய கை முந்தி என்றுதான் நான் வாசிக்கிறேன். "என்னை அனுப்பின பிதா ஒருவனை இழுத்துக்கொள்ளாவிட்டால் அவன் என்னிடத்தில் வரமாட்டான்" என்று யோவான் 6:44 சொல்கிறது. எபேசியர் இரண்டாம் அதிகாரம் நம்மை "அக்கிரமங்களில் மரித்தவர்கள்" என்கிறது, சோர்ந்தவர்கள் என்றோ வியாதிக்காரர்கள் என்றோ சொல்லவில்லை. ஆனால் இப்படி வசனங்களை அடுக்குவதைவிட எனக்கு லீதியாளின் கதைதான் பிடிக்கும், அப்போஸ்தலர் 16-இல் வருகிறது, துணி வியாபாரம் தெரிந்த சேலத்துக்காரர்களுக்கு அந்தம்மாளைச் சட்டென்று புரியும்.

ஊர் பிலிப்பி. ஓய்வுநாள். பட்டணத்துக்கு வெளியே ஆற்றோரமாகப் பெண்கள் ஜெபத்துக்குக் கூடியிருக்கிறார்கள். பவுலும் கூட வந்தவர்களும் போய் உட்கார்ந்து பேசுகிறார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி தியத்தீரா ஊர்க்காரி, இரத்தாம்பரம் விற்கிற வியாபாரி, சொந்தமாக வீடு, வீட்டில் ஆட்கள். ஏற்கனவே தேவனை வணங்குகிறவள் என்றும் லூக்கா எழுதுகிறார், அதாவது ஜெபம், பக்தி எல்லாம் அவளிடம் இருக்கிறது. அப்புறம் என்ன நடந்தது? "பவுல் சொல்லியவைகளைக் கவனிக்கும்படி கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தருளினார்." அவள் திறந்தாள் என்று எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் லூக்கா அப்படி எழுதவில்லை. கர்த்தர் திறந்தார், அவள் கவனித்தாள், அவளும் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள், உடனே "என் வீட்டிலே வந்து தங்குங்கள்" என்று வருந்திக் கேட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வியாபாரம் செய்கிறவர்களின் வேகமே தனி. இதில் கவனிக்கவேண்டிய இன்னொன்று, பவுல் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் கர்த்தர் திறந்தார். ஆற்றங்கரைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே தூக்கத்தில் திறந்துவைத்துவிட்டுப் போகவில்லை.

அது முக்கியம், ஏனென்றால் என் பக்கத்து ஆட்களில் சிலர் இதை மறந்துவிடுகிறார்கள். 1 பேதுரு 1:23 நாம் தேவவசனமாகிய அழிவில்லாத வித்தினாலே ஜெநிப்பிக்கப்பட்டோம் என்கிறது, யாக்கோபு 1:18-உம் சத்திய வசனத்தினாலே ஜெநிப்பித்தார் என்கிறது. வசனம் காதில் விழாத இடத்தில் மறுபிறப்பைப் பற்றிப் பெரிய தத்துவம் பேசுவது வேதம் நமக்குக் காட்டுகிற வழி இல்லை.

அடுத்து யோவானின் முதல் நிருபம். "இயேசுவானவரே கிறிஸ்து என்று விசுவாசிக்கிற எவனும் தேவனால் பிறந்திருக்கிறான்" (5:1). இதை மட்டும் தனியே எடுத்தால் இரண்டு பக்கமும் இழுக்கலாம். ஆனால் அதே நிருபத்தில் 2:29 "நீதியைச் செய்கிறவனெவனும் அவரில் பிறந்தவன்" என்கிறது, 4:7 "அன்புள்ள எவனும் தேவனால் பிறந்து, அவரை அறிந்திருக்கிறான்" என்கிறது. நீதியாக நடந்ததால் பிறந்தான், அன்பு காட்டியதால் பிறந்தான் என்று எந்தச் சபையிலும் பிரசங்கிக்க மாட்டார்கள். பிறந்ததால்தான் நீதி, பிறந்ததால்தான் அன்பு. அதே அச்சில் வார்த்த 5:1-க்கு மட்டும் தலைகீழாக அர்த்தம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, அந்தப் பக்கத்திலும் நல்ல பலம் இருக்கிறது. யோவான் 20:31 பாருங்கள்: "விசுவாசித்து அவருடைய நாமத்தினாலே நித்தியஜீவனை அடையும்படியாகவும்" இந்தச் சுவிசேஷம் எழுதப்பட்டது. விசுவாசித்து, அப்புறம் ஜீவன். கலாத்தியர் 3:26 விசுவாசத்தினால் நாம் தேவனுடைய புத்திரர் என்கிறது. யோவான் 1:12, ஏற்றுக்கொண்டவர்களுக்குப் பிள்ளைகளாகும் அதிகாரம் கொடுத்தார் என்கிறது. முதல் நாள் பேசிய பாஸ்டர் இந்த மூன்றையும் சொல்லியிருப்பார். 1:12-ஐ எடுக்கிறவர்கள் பதின்மூன்றாம் வசனத்தையும் சேர்த்து வாசிக்கவேண்டும் என்பேன், அது "மாம்ச சித்தத்தினாலாவது புருஷனுடைய சித்தத்தினாலாவது பிறவாமல், தேவனாலே பிறந்தவர்கள்" என்று முடிகிறது. 20:31-ஐ அவ்வளவு சுலபமாகத் தாண்ட முடியாது. நித்தியஜீவன் என்று யோவான் சொல்வது பிறப்பின் அந்த முதல் கணத்தை மட்டும் அல்லாமல், தேவனோடு வாழும் வாழ்வு முழுவதையும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தார் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கு அதற்கு நியாயம் இருக்கிறது.

இப்போது உங்கள் மேஸ்திரி மாமா. நல்ல உவமைதான். மார்ச், ஏப்ரலில் பூ மழை விழுந்து பத்து நாளுக்குள் சேர்வராயன் மலைத் தோட்டம் முழுக்க வெள்ளையாகி மல்லிகை வாசம் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, மொட்டு காத்துக்கொண்டே இருக்கும், தானாக விழித்துக்கொள்ளாது, மழை வந்து எழுப்பவேண்டும், ஆனால் பூப்பது செடிதான், மழை பூக்காது. இதுவரை சரி. ஆனால் மாமாவிடம் ஒன்று கேளுங்கள்: மழை எல்லாச் செடிக்கும்தானே பெய்கிறது, ஒரு செடி ஏன் பூத்தது, பக்கத்துச் செடி ஏன் சும்மா நின்றது? முதல் நாள் பாஸ்டர் இந்த உவமையை அப்படியே வாங்கிக்கொண்டு, "அதைத்தான் நானும் சொல்கிறேன், மழை எல்லாருக்கும், பூப்பது அவரவர் பதில்" என்று சொல்லிவிடுவாரே! மாமா தன் கட்சியை ஜெயிக்க வைக்கப் போய் எதிர்க்கட்சிக்கும் குடை பிடித்துவிட்டார்.

உண்மையான சண்டை எங்கே இருக்கிறது என்பதையும் மாமா தெரியாமலே காட்டிவிட்டார். தேவன் முதலில் தொடாமல் எவனும் விசுவாசிக்க முடியாது என்பதில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் வழியில் வந்தவர்கள் முந்திச்செல்லும் கிருபை என்று ஒன்றைச் சொல்வார்கள், அது எல்லா மனிதருக்கும் கிடைத்து, விசுவாசிக்கும் திராணியைத் திருப்பிக் கொடுக்கிறது என்பார்கள். சபைச் சீர்திருத்த காலத்து இறையியலாளர் கால்வினின் வழியில் வந்தவர்கள், தேவன் ஒருவனை மறுபடியும் பிறப்பித்தால் அவன் நிச்சயம் விசுவாசிப்பான் என்பார்கள். ஆக, அப்படித் தொடப்பட்டவன் மறுக்க முடியுமா, முடியாதா என்பதுதான் நிஜமான கேள்வி. அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில் "முந்தியா பிந்தியா" என்பதை விட்டுவிட்டு இதைக் கேட்டுப் பாருங்கள். ஒருவேளை பாதிப் பேர் ஒரே பக்கத்தில் நிற்பதைக் கண்டுபிடிப்பீர்கள். வாட்ஸ்அப் குழுவை ஒன்றாக்க அதுவே போதும், இல்லாவிட்டால் அட்மின் பதவிக்குத்தான் சண்டை நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மறுபிறப்புதான் முந்தி என்றால், நான் மறுபடியும் பிறந்திருக்கிறேனா என்று தெரியாமல் எப்படி விசுவாசிப்பது? ஒரு வருஷமாக எனக்குள் ஏதாவது நடக்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்கிறேன். மற்றவர்கள் அழுது ஜெபிக்கிறார்கள், எனக்குக் கண்ணீர்கூட வரவில்லை. தேவன் என்னைத் தொடவில்லையோ என்று பயமாக இருக்கிறது. – சகோதரி, அம்மாப்பேட்டை

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் போட்டிருக்கவேண்டும். மேலே நான் எழுதியதைப் படித்துவிட்டு யாராவது இந்த இடத்துக்கு வந்து நின்றால் அது எனக்குப் பெரிய வருத்தம்.

வேதத்தில் எங்கேயும் ஒரு பாவியைப் பார்த்து, "முதலில் மறுபடியும் பிறந்திருக்கிறாயா என்று சோதித்துப் பார், பிறந்திருந்தால் விசுவாசி" என்று சொன்னதே இல்லை. லீதியாள் இருக்கும் அதே அதிகாரத்தில் பிலிப்பி சிறைச்சாலைக்காரன் நடுங்கிக்கொண்டு வந்து, "இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்" என்று கேட்கிறான். யாரைத் தேவன் முன்னமே தெரிந்துகொண்டார் என்கிற முன்குறித்தலைப் பற்றிப் பவுல் அவனிடம் வகுப்பு எடுக்கவில்லை. "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி" என்றார், அவ்வளவுதான். காரணம் எது, விளைவு எது என்ற ஆராய்ச்சி விசுவாசித்தவன் திரும்பிப் பார்த்து நன்றி சொல்வதற்கு உதவும். உள்ளே வர நிற்கிறவனுக்கு அது வாசல்படி இல்லை.

நிக்கொதேமு என்ற பரிசேயன் இயேசுவிடம் வந்து பேசும் யோவான் மூன்றாம் அதிகாரத்தையே இன்னொரு முறை வாசியுங்கள். ஒருவன் மறுபடியும் பிறக்கவேண்டும் என்று சொல்லி அவனைத் திகைக்க வைத்த அதே ஆண்டவர், பேச்சை அங்கேயே விட்டுவிடவில்லை. மோசே வனாந்தரத்தில் உயர்த்தின சர்ப்பத்தைக் காட்டுகிறார். எண்ணாகமம் 21-இல் பாம்பு கடித்தவர்கள் என்ன செய்தார்கள்? விஷம் இறங்குகிறதா என்று தங்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தவன் எவனும் பிழைத்ததாக அங்கே எழுதியில்லை. கம்பத்தை நோக்கிப் பார்த்தவன் பிழைத்தான். நீங்கள் ஒரு வருஷமாக உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கிறிஸ்துவைப் பாருங்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரியாது என்று அவரே யோவான் 3:8-இல் சொல்லியிருக்கும்போது, நீங்கள் ஏன் அதை மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும்?

கண்ணீரைப் பற்றி. சிலருக்கு வரும், சிலருக்கு வராது. பிலிப்பி ஆற்றங்கரையில் லீதியாள் அழுததாக லூக்கா எழுதவில்லை, விருந்துக்குக் கூப்பிட்டதாகத்தான் எழுதியிருக்கிறார். "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" (யோவான் 6:37) என்ற வாக்குக்கு அழுகை நிபந்தனை கிடையாது. மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்றான். அந்த அரைகுறை ஜெபத்துக்கே ஆண்டவர் பதில் கொடுத்தார். அதையே இன்றைக்கு இராத்திரி நீங்களும் சொல்லலாம். அப்புறம் ஒன்று: உங்கள் ஜெபக்குழுவில் இதை வெளிப்படையாகப் பேச ஒரு மூத்த அக்கா இருந்தால், தனியாகப் போய் உட்கார்ந்து பேசுங்கள். இந்தப் பயத்தோடு ஒரு வருஷம் தனியாக இருந்தது போதும்.

கேள்வி: கால்வின் ஒன்று சொன்னார், வெஸ்லி வேறு சொன்னார் என்கிறார்களே, நாங்கள் சி.எஸ்.ஐ. சபை, எங்கள் சபை எந்தப் பக்கம்? எங்கள் ஆயரிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே காபி கொடுத்து அனுப்பிவிடுகிறார். – வாசகர், சூரமங்கலம்

பதில்: ஆயர் புத்திசாலி.

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து தொடங்கவேண்டும். வெஸ்லி பக்கத்துக் கருத்துக்கு முன்னோடியான அர்மீனியஸ் என்ற இறையியல் பேராசிரியர் நெதர்லாந்தில் 1609-இல் இறந்தார். மறு வருஷம், 1610-இல், அவர் கருத்தை ஏற்றவர்கள் ஐந்து அம்சங்களாக ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் 1618-19-இல் டார்ட் நகரில் பெரிய சங்கம் கூடியது. இதில் பலருக்கும் தெரியாத விஷயம், அர்மீனியஸ் கட்சியின் மூன்றாவது அம்சமே, மனுஷன் பரிசுத்த ஆவியினால் மறுபடியும் பிறந்து புதிதாக்கப்பட்டால்தான் உண்மையான நன்மையை நினைக்கவும் செய்யவும் முடியும் என்று சொல்கிறது! அடுத்த அம்சத்தில்தான், இந்தக் கிருபை எதிர்த்து நிற்கமுடியாதது அல்ல என்று சேர்த்தார்கள். டார்ட் சங்கம் அதைத்தான் மறுத்தது, தேவன் இப்படிக் கிரியை செய்கிற எல்லாரும் நிச்சயமாய் மறுபடியும் பிறந்து விசுவாசிக்கிறார்கள் என்று தீர்ப்பு எழுதியது. ஏற்காட்டுத் தம்பிக்கு நான் சொன்னதைத்தான் நானூறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் ஐரோப்பாவில் கோர்ட் மாதிரி உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

கால்வின் பெயரை வைத்து அடித்துக்கொள்கிறவர்களுக்கு இன்னொரு சங்கடம். அவருடைய பெரிய நூலில் மூன்றாம் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத் தலைப்பே, விசுவாசத்தினால் நமக்கு உண்டாகும் மறுபிறப்பு என்ற பொருளில்தான் இருக்கிறது. அங்கே அவர் மறுபிறப்பு என்று சொல்வது வாழ்நாள் முழுக்க நடக்கும் மனந்திரும்புதலையும் புதிதாகுதலையும். 1561-இல் வந்த பெல்ஜிய விசுவாச அறிக்கையின் 24-ஆம் பிரிவும், வசனத்தைக் கேட்பதினாலும் ஆவியின் கிரியையினாலும் உண்டாகும் விசுவாசம் நம்மை மறுபடியும் பிறப்பிக்கிறது என்றே பேசுகிறது. ஆகவே "கால்வின் பக்கம்" என்று கொடி பிடிக்கிறவர் கொடியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருதரம் பார்த்துக்கொள்வது நல்லது. பின்னால் வந்தவர்கள்தான் மறுபிறப்பை அந்த முதல் கணத்துக்கு மட்டும் என்று சுருக்கி, வரிசையைத் துல்லியமாக்கினார்கள். எனக்கு அந்தத் துல்லியம் பிடிக்கும், ஆனால் அது பின்னால் வந்த துல்லியம்.

வெஸ்லி 1738 மே 24-ஆம் தேதி இராத்திரி, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டுத் தன் இருதயம் விசித்திரமாய் அனல்கொண்டது என்று எழுதினார். அவருக்கும், கால்வின் பக்கத்தில் நின்ற அவருடைய நண்பரான பிரசங்கியார் ஒயிட்ஃபீல்டுக்கும் இந்தக் கிருபை விஷயத்தில் கடுமையான வாக்குவாதம். இருந்தும் 1770-இல் ஒயிட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான். இந்த ஒன்றையாவது நம் ஊர் வாக்குவாதக்காரர்கள் காப்பியடிக்கலாம்.

இனி உங்கள் சபை. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், அதோடு தென்னிந்திய ஐக்கிய சபை என்ற மூன்று ஓடைகள் ஒன்றாகச் சேர்ந்தன. ஐக்கிய சபைக்குள்தான் பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல்காரர்கள் இருந்தார்கள். சேலத்தில் 1827-இலேயே வேலை தொடங்கிய லண்டன் மிஷனும் அந்த வழிதான். அதாவது வெஸ்லியின் பேரப்பிள்ளைகளும் கால்வினின் பேரப்பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் திருச்சபை விசுவாசப் பிரமாணங்களை ஏற்கச் சொல்கிறது, இந்த வரிசையில் ஒரு பக்கத்தை எடுக்கச் சொல்வதில்லை. ஆகவே உங்கள் சபை எந்தப் பக்கமும் இல்லை, உங்கள் ஆயருக்கு ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும். அடுத்த முறை இரண்டாவது காபி கேளுங்கள், சொன்னாலும் சொல்லுவார்.

கேள்வி: என் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அக்கா, "நாங்கள் ஞானஸ்நானத்திலேயே மறுபடியும் பிறந்துவிட்டோம், உங்களுக்குத்தான் இந்தக் குழப்பம்" என்கிறார். – வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: அவர் தன் திருச்சபையின் போதனையைச் சரியாகத்தான் சொல்கிறார். "ஜலத்தினாலும் ஆவியினாலும்" என்ற யோவான் 3:5-ஐயும், "மறுஜென்ம முழுக்கு" என்ற தீத்து 3:5-ஐயும் அவர்கள் அப்படித்தான் வாசிக்கிறார்கள், கைக்குழந்தைக்கும் சேர்த்து. லூத்தரன்களும் ஞானஸ்நானத்தில் மறுபிறப்பு என்றே போதிப்பார்கள், அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்த கிருஷ்ணகிரியில் 1895-இல் வேலை தொடங்கிய மிசூரி லூத்தரன் மிஷனின் சபைகள் உட்பட. ஆனால் அதே லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், என் சொந்த அறிவினாலோ பலத்தினாலோ இயேசுவை விசுவாசிக்க என்னால் முடியாது, பரிசுத்த ஆவியே சுவிசேஷத்தினால் என்னை அழைத்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிரான்சில் ஆரஞ்சு என்ற ஊரில் கூடிய, கத்தோலிக்கர் மதிக்கும் சங்கமும் 529-லேயே விசுவாசத்தின் ஆரம்பமே கிருபைதான் என்று சொல்லிவிட்டது. தண்ணீரைப் பற்றி நான் அக்காவோடு ஒத்துப்போகவில்லை. யார் முந்தினார் என்பதில் அவரும் நானும் ஒரே பக்கம்தான், இதைச் சொன்னால் அக்காவே ஆச்சரியப்படுவார்.

கேள்வி: தேவன்தான் பிறப்பிக்கிறார் என்றால் நாங்கள் ஏன் பஸ் ஸ்டாண்டில் வெயிலில் நின்று கைப்பிரதி கொடுக்கவேண்டும்? – வாலிபர், குகை

பதில்: ஆற்றங்கரையில் பவுல் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் லீதியாள் எதைக் கவனித்திருப்பாள்? தொப்பி போட்டுக்கொண்டு போங்கள் தம்பி.

கேள்வி: என் அப்பாவுக்கு எழுபது வயதுக்கு மேல். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்தவர். காலையில் பட்டறையில் உட்காரும் முன், கை துடைக்கும் துணியை மடியில் போட்டுக்கொண்டு ஒரு சங்கீதம் வாசிப்பார், வெள்ளிப்பொடி ஒட்டி ஒட்டி அவருடைய பைபிளின் சங்கீதப் பக்கங்கள் மட்டும் சாம்பல் நிறமாக இருக்கும். இப்போது நாங்கள் புதிதாகப் போகும் சபையில் அங்கத்தினர் படிவத்தில் "மறுபடியும் பிறந்த தேதி" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அப்பாவுக்குத் தேதி தெரியவில்லை. சின்ன வயதிலிருந்தே இயேசுவை நம்புகிறேன் என்கிறார். தேதி இல்லாததால் மறுபடியும் ஒருமுறை கை தூக்கி ஜெபிக்கச் சொல்கிறார்கள். அப்பா மனசு உடைந்துபோயிருக்கிறார். – மகள், சேலம்

பதில்: தேதி தெரிந்தவர்கள் உண்டு. பவுலுக்கு இடம், நேரம், வெளிச்சம் எல்லாம் தெரியும், வெஸ்லியைப் பற்றி மேலே எழுதினேன். ஆனால் தீமோத்தேயுவுக்கு? பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள், அவர்களிடம் இருந்த மாயமற்ற விசுவாசம் உன்னிடமும் இருக்கிறது, சிறுவயது முதல் பரிசுத்த வேத எழுத்துக்களை அறிந்திருக்கிறாய் என்று மட்டும்தான் பவுல் அவனுக்கு எழுதுகிறார். எந்தத் தேதியும் கேட்கவில்லை.

இந்தப் பேச்சையே முதலில் கேட்ட நிக்கொதேமுவுக்கும் தேதி கிடையாது. மூன்றாம் அதிகாரத்தில் இராத்திரியில் வந்து கேள்வி கேட்டான், "இவைகள் எப்படி ஆகும்" என்று திகைத்தான், அவன் அன்றைக்கு விசுவாசித்தான் என்று யோவான் எழுதவில்லை. ஏழாம் அதிகாரத்தில் பரிசேயர் நடுவே இயேசுவுக்காக ஒரு வார்த்தை பேசி வாங்கிக்கட்டிக்கொண்டான். பத்தொன்பதாம் அதிகாரத்தில் வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து ஏறக்குறைய நூறு இராத்தல் சுமந்துகொண்டு அடக்கம்பண்ண வந்தான். இந்த மூன்றில் எந்த இடத்தில் அவன் பிறந்தான்? யோவானே சொல்லாததை ஒரு படிவம் கேட்கிறது.

மறுபிறப்பை நாம் எடுக்கும் தீர்மானத்தின் பலன் என்று மட்டும் நினைக்கிற இடத்தில்தான் இந்தத் தேதிக் கட்டம் இவ்வளவு கனக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது, தீர்மானத்துக்குத் தேதி இருக்குமே. (முதல் நாள் பாஸ்டர் கட்சியில் எல்லாரும் இப்படி இல்லை, தேதி கேட்காத எத்தனையோ பேர் அங்கேயும் இருக்கிறார்கள்.) பிறப்பிப்பது தேவன் என்றால், பிறந்தவன் உயிரோடு இருக்கிறானா என்றுதான் பார்க்கவேண்டும். உங்கள் அப்பா இன்றைக்கு யாரை நம்புகிறார்? தன் பாவத்துக்கு யாரிடம் மன்னிப்புக் கேட்கிறார்? இதைக் கேளுங்கள், பதில் உங்களுக்கே தெரியும்.

மறுபடியும் கை தூக்கவேண்டாம். உள்ளதை இல்லை என்று சொல்லி ஜெபிப்பது அப்பாவுக்கும் நல்லதில்லை, சபைக்கும் நல்லதில்லை. பாஸ்டரிடம் நீங்கள் போகாமல் அப்பாவையே கூட்டிக்கொண்டு போங்கள், அவரே தன் சாட்சியைத் தன் வாயால் சொல்லட்டும், அந்தச் சங்கீதப் பக்கங்களையும் காட்டட்டும். படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் ஆபீசில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் "சிறுவயது முதல்" என்று எழுதிக் கொடுங்கள், பக்கத்தில் 2 தீமோத்தேயு 3:15 என்று போட்டுவிடுங்கள்.